தென்னை நாரும் மக்கும் பிளாஸ்டிக்கும்: வரவேற்போம், ஆனால் ஏமாற வேண்டாம்

பழவேற்காடு ஏரியில் உள்ள பசியாவரம் மீனவர் கிராமத்துக் கரையில் ஒரு காலை நேரம். வயதான மீனவர் ஒருவர் வலையைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார். இறாலும் மடவை மீனும் ஒரு கூடைக்குள் போயின. வலையில் சிக்கிய மற்றவை மணலில் ஒரு குவியலாகச் சேர்ந்தன. கடைப் பைகள், எண்ணெய்ப் பாக்கெட்டுகள், நைலான் கயிற்றுத் துண்டுகள், இவற்றோடு ஒரு பக்கம் வெள்ளி நிறமும் மறுபக்கம் கறுப்புமாகக் கிழிந்த தாள்கள் சில. அந்தத் தாள் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மிளகாய்க்கும் தர்பூசணிக்கும் விரிக்கச் சொல்லி எங்களைப் போன்றவர்களே சிபாரிசு செய்த நிலப்போர்வைத் தாள் அது.

"இது கடல்ல வந்தது இல்லீங்க ஐயா. மழ பேஞ்சு ஆத்துல தண்ணி வந்துச்சின்னா, மறுநாள் வலையில மீனுக்கு முன்னால இதுதான் வருது" என்றார் அவர்.

ஆரணியாறு பொன்னேரிப் பக்கத்து வயல்களைக் கடந்து இந்த ஏரியில்தான் கலக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. நாம் வரப்போரம் ஒதுக்கிவிட்ட தாள் எங்கே போய்ச் சேருகிறது என்பதை அந்த மணற்குவியலைப் பார்த்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று உழவர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "தென்னை நாரையும் வாழை நாரையும் சேர்த்து மக்குகிற பிளாஸ்டிக் செய்கிறார்களாமே, இனி மட்டைக்கும் வாழை மரத்துக்கும் நல்ல விலை கிடைக்குமா? வயலில் தாள் தங்கும் தொல்லையும் தீருமா?" என்பதே அது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில் இல்லை. முதலாவதற்கு 'கிடைக்கலாம்' என்றும், இரண்டாவதற்கு 'இதனால் தீராது' என்றும் நான் கூறுவேன். காரணங்களைக் கீழே விளக்குகிறேன்.

நார் சேர்ப்பது என்றால் என்ன?

மண்சுவர் வைக்கும்போது வைக்கோலை வெட்டிப் போட்டு மிதிப்பது நம் வழக்கம். மண் தனியாக இருந்தால் காய்ந்ததும் வெடிக்கும். வைக்கோல் குறுக்கே ஓடிப் பிடித்துக்கொள்வதால் வெடிப்பு பரவுவதில்லை. நாரைப் பிளாஸ்டிக்கில் சேர்ப்பதன் தத்துவமும் இதுவே.

பசியாவரத்து மீனவருக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். அவர் ஓட்டுகிற பைபர் படகு இம்முறையில் செய்யப்பட்டதுதான். கண்ணாடி நாரை விரித்து, மேலே பிசின் பூசி, அடுக்கடுக்காக ஒட்டி இறுகவைத்தால் படகு. 2004 சுனாமிக்குப் பின் இத்தகைய படகுகள் நம் கடற்கரை முழுவதும் வேகமாகப் பரவின. அவற்றின் இலேசான எடையும் உழைப்பும் மறுக்க முடியாதவை. ஆனால் உடைந்துபோன பைபர் படகை எரிக்கவும் முடியாது, புதைத்தாலும் மக்காது. கரையிலேயே கவிழ்ந்து கிடக்கும். அதற்கு முன் சோழமண்டலக் கரையில் ஓடிய மசுலாப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். படகு ஓய்ந்தால் பலகை அடுப்புக்கு, கயிறு மண்ணுக்கு.

கண்ணாடி நாருக்குப் பதிலாகத் தென்னை, வாழை, கற்றாழை நார்களைப் போட்டு, மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வருகிற அதே கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த பிசினுக்குப் பதிலாக மக்காச்சோளம், கரும்பு, மரவள்ளி மாவு இவற்றிலிருந்து கிடைக்கும் பிளாஸ்டிக்கை ஊற்றினால் நாம் பேசுகிற பொருள் கிடைக்கிறது. இவற்றுள் பெரிய அளவில் தயாராவது பி.எல்.ஏ. எனப்படும் வகை. மாவுச்சத்தையோ சர்க்கரையையோ புளிக்கவைத்து, தயிரில் உள்ள அதே லாக்டிக் அமிலத்தை எடுத்து, அதைக் கோத்துச் செய்வது. விலை சாதாரண பாலித்தீனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தனியாக இருந்தால் எளிதில் நொறுங்கும் தன்மையும் உண்டு. நூற்றுக்கு 20, 30 பங்கு நார் சேர்த்தால் விறைப்பு கூடுகிறது, விலையுயர்ந்த பிளாஸ்டிக்கின் தேவையும் குறைகிறது. ஆலைக்காரர் நாரைத் தேடி வருவதற்கு இந்தச் சிக்கனமே முக்கிய காரணம் என்பதை உழவர்கள் மறக்கலாகாது.

இது வெறும் ஆய்வுக்கூடப் பேச்சு அல்ல. ஜெர்மனியில் 1990-களிலேயே கார்க் கதவுகளின் உட்பலகையில் ஆளிவிதைச் செடி நாரும் கற்றாழை நாரும் சேர்ந்தன. பிரேசிலில் தென்னை நாரும் ரப்பர்ப் பாலும் சேர்த்துக் கார் இருக்கைகளின் தலையணை செய்தார்கள். ஆனால் நார் சேர்ந்ததாலேயே ஒரு பொருள் மக்கிவிடாது. கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை செய்யப்பட்ட டிராபண்ட் காரின் மேற்கூட்டில் பருத்திக் கழிவு நாரைப் போட்டு, மக்காத பிசினால் இறுக்கியிருந்தார்கள். நார் செடியிலிருந்து வந்ததுதான். இருந்தும் அந்தக் கூட்டை உருக்கவும் முடியவில்லை, மண்ணில் சேர்க்கவும் முடியவில்லை.

'மக்கும்' என்ற சொல்லின் பொருள்

உழவர் ஏமாறக்கூடிய இடம் இதுதான். 'மக்கும்' என்று அச்சிட்ட பொருள் எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்று கேட்க வேண்டும்.

உரமாக மக்கும் பிளாஸ்டிக்குக்கு நம் நாட்டில் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தர அளவு உள்ளது. அதற்கான சோதனை ஆலை முறை உரக்குவியலில் நடத்தப்படுகிறது. ஈரமும் காற்றும் சீராக இருக்க, வெப்பம் 58 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க, 180 நாட்களுக்குள் நூற்றுக்கு 90 பங்கு சிதைந்து கரியமில வாயுவாக வேண்டும். இத்தகைய பொருளை விற்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற்றிருக்க வேண்டும்.

நம் வயல் மண் 58 டிகிரியில் இருப்பதில்லை. பழவேற்காட்டு ஏரித் தண்ணீரும் அப்படி இல்லை. உரக்குழியில் சில மாதங்களில் மக்கும் பி.எல்.ஏ. கடல்நீரில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். நுண்ணுயிர்கள் தம் உடலில் கொழுப்பைப்போல் சேமித்துவைக்கும் பி.எச்.ஏ. என்ற வகை கடல்நீரிலும் சிதையக்கூடியது. ஆனால் அதன் விலை இன்னும் அதிகம், கிடைப்பதும் குறைவு. ஆகவே சான்றிதழ் உண்மையாக இருந்தாலும், அது உரக்குழிக்குக் கொடுத்த சான்று. ஏரிக்கும் ஆற்றுக்கும் கொடுத்தது அல்ல.

இதைவிடக் கெடுதலான சரக்கும் சந்தையில் உண்டு. சாதாரண பாலித்தீனில் சிறிது மாவையோ நாரையோ கலந்து 'இயற்கைப் பிளாஸ்டிக்' என்று விற்பது ஒன்று. வெயிலில் விரைவாக நொறுங்குவதற்கான உலோக உப்பைச் சேர்த்து 'மக்கும்' என்று விற்பது மற்றொன்று. இரண்டும் மக்குவதில்லை, பொடியாகின்றன. முதல் வகையில் நாரைக் கரையானும் பூசணமும் தின்றுவிடும், பிளாஸ்டிக் பொடி மண்ணில் நிற்கும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விற்பனையாளர் எனக்குக் கொடுத்துப்போன தாளை வீட்டுத் தோட்டத்தில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து வைத்தேன். ஆறு மாதம் கழித்துக் கிளறியபோது தாளைக் காணோம். மகிழ்ந்துபோய் ஒரு பிடி மண்ணைத் தண்ணீரில் கரைத்தேன். கறுப்புத் துணுக்குகள் மேலே மிதந்து வந்தன. முழுத்தாளாக இருந்திருந்தால் பொறுக்கியாவது எடுத்திருக்கலாம். துணுக்கை யார் பொறுக்குவது? இறாலும் மடவையும்தான் பொறுக்கும்.

தாளுக்குள் நார் நுழையாது

வயலில் விரிக்கும் நிலப்போர்வைத் தாளின் தடிமன் 25 அல்லது 30 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரை நாற்பது கூறு போட்டால் ஒரு கூறு. தென்னை நாரின் ஒரு இழை 100 மைக்ரானுக்கு மேல் பருமன் உள்ளது. தாளைவிட நான்கு மடங்கு தடித்த நாரை அந்தத் தாளுக்குள் எப்படிப் புதைப்பது? புதைத்தால் தாள் அவ்விடத்தில் ஓட்டையாகும். ஆகவே நார் கலந்த மக்கும் பிளாஸ்டிக் என்பது தடித்த பொருள்களுக்கு உரியது. நாற்றுத் தொட்டி, குழித்தட்டு, பெட்டி, பலகை, தட்டு போன்றவற்றுக்கு அது பொருந்தும். மிளகாய் வயலின் தாள் தொல்லையை அது தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தாளுக்கு மாற்று நம் கையிலேயே உள்ளது. வைக்கோல், கரும்புத் தோகை, தென்னை ஓலை இவற்றைப் பாத்தியில் மூன்று நான்கு அங்குலம் பரப்பினால் களையும் அடங்கும், ஈரமும் காக்கும். தாள் அளவுக்குக் களை அடங்காது என்பது உண்மை. கூலி ஆள் கிடைக்காத காலத்தில் தாள் விரித்தவரை நான் குறை கூறமாட்டேன். சொட்டுநீரோடு தாளும் சேர்ந்து எத்தனையோ சிறு விவசாயிகளைக் கடனிலிருந்து மீட்டிருக்கிறது. நான் கேட்பதெல்லாம், விரித்தவர் அறுவடை முடிந்ததும் அதைச் சுருட்டி எடுத்துவிட வேண்டும் என்பதே. மெல்லிய தாள் கிழிந்து மண்ணோடு போகும். கொஞ்சம் தடித்த தாளாக வாங்கினால் முழுதாக எடுக்க முடியும், கவனமாக எடுத்தால் அடுத்த பயிருக்கும் வரும். ஏர் ஓட்டி மடக்கிவிடுவதும், வரப்பில் கொளுத்துவதும், ஓடைக்கரையில் கொட்டுவதும் கூடாது.

நாரில் உழவருக்கு என்ன கிடைக்கும்?

ஏக்கருக்கு 70 தென்னை, மரத்துக்கு ஆண்டில் 100 காய் என்று வைத்துக்கொள்வோம். 7,000 மட்டை கிடைக்கும். 1,000 மட்டைக்கு ஏறத்தாழ 80 கிலோ நார் எடுக்கலாம். ஆக ஏக்கருக்கு 560 கிலோ. வாழையில் நூறு கிலோ பச்சை மரத்துக்குக் கிடைப்பது சுமார் ஒரு கிலோ நார்தான், மற்றதெல்லாம் தண்ணீரும் சக்கையும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், நாரை நம்பித் தனியொரு சிறு விவசாயி இயந்திரம் வாங்கக்கூடாது என்பது விளங்கும். பல ஏக்கர் மட்டை ஓரிடத்தில் சேர்ந்தால்தான் இயந்திரத்துக்கு வேலை இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் குழுவாகச் சேர்ந்து வாழைநார் எடுக்கும் இயந்திரம் வாங்கினார்கள். நார் அழகாக வந்தது. ஆனால் வாங்குவதாக வாய்ச்சொல் கொடுத்த வியாபாரி இரண்டாம் லோடுக்குப் பிறகு வரவில்லை. மழையில் நனைந்த நார் பழுப்பேறிப்போயிற்று. இயந்திரம் இன்று ஒரு கொட்டகையில் இருக்கிறது, தவணை மட்டும் ஓடுகிறது. முதலில் வாங்குபவர், பிறகு இயந்திரம் என்ற முறையே சிறந்தது. வாங்குபவரிடம் ஓராண்டுக்கான அளவும் விலையும் எழுத்தில் பெற வேண்டும்.

தரம் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கோடு கலக்கும் நார் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். பி.எல்.ஏ.யை உருக்கும்போது வெப்பம் 170, 180 டிகிரியைத் தாண்டும். நாரில் ஈரம் இருந்தால் ஆவியாகிக் குமிழ் விடும், பிளாஸ்டிக்கின் பிணைப்பும் அறுந்துபோகும். 200 டிகிரிக்கு மேல் போனால் நார் கருகத் தொடங்கும். ஆகவே ஆலைக்காரர் காய்ந்த, தூசியற்ற, ஒரே நீளமான நாருக்குத்தான் நல்ல விலை தருவார். தரையில் உலர்த்தாமல் தார்ப்பாய் மேலோ கொடியிலோ உலர்த்துவதும், நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுவதும் செலவில்லாமல் விலையைக் கூட்டும் வேலைகள்.

நாரின் மேலுள்ள மெழுகை நீக்கினால்தான் பிளாஸ்டிக் ஒட்டும். இதற்கு நூற்றுக்கு 5 பங்கு அளவில் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்துக் கழுவுவது வழக்கம். இந்த வேலையை ஆலையே செய்யட்டும். கிராமத்தில் செய்து கழிவு நீரைக் கால்வாயில் விட்டால், ஏரியைக் காக்கப் புறப்பட்ட நாமே அதில் நஞ்சைக் கலந்தவர்களாவோம்.

ஏரியில் மட்டை ஊறவைக்க வேண்டாம்

கேரளத்தின் காயல்களில் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் ஊறவைத்து நார் எடுத்தார்கள். மட்டை அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு கிளம்பும். அவ்விடங்களில் மீனும் சிப்பியும் அற்றுப்போயின. நாருக்கு விலை ஏறினால் பழவேற்காட்டுக் கரையிலும் அந்த யோசனை யாருக்காவது வரலாம். முகத்துவாரம் மணல் மூடித் தண்ணீர் ஓட்டம் குறையும் காலங்களில் ஏரி ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறது. பச்சை மட்டையை இயந்திரத்தில் அடித்து நார் எடுக்கும் முறை இருக்கும்போது, மீனவர் பிழைப்பில் கை வைக்கும் இந்த வழி வேண்டவே வேண்டாம்.

இயந்திர முறையில் சேரும் நார்க்கழிவையும் வீணாக்க வேண்டியதில்லை. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும், புளூரோட்டஸ் காளான் வித்து 5 புட்டியும் அடுக்கடுக்காகத் தூவி, நிழலில் ஈரம் காத்து மக்கவைத்தால் நல்ல எரு கிடைக்கும். மணற்பாங்கான இப்பகுதி நிலங்களுக்கு ஈரம் பிடித்துவைக்க இது மிகவும் ஏற்றது.

எங்கே தொடங்கலாம்?

நாற்றுப் பையில் தொடங்கலாம் என்பது என் கருத்து. சவுக்கு, முருங்கை, பழக்கன்றுகள் என்று நடுகிற ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கறுப்புப் பாலித்தீன் பை கிழிக்கப்பட்டு அங்கேயே எறியப்படுகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கியது. ஆனால் அந்தத் தடையின் கண் கடைத்தெருவின் மேல் இருக்கிறது. வயலுக்குள் புழங்கும் பிளாஸ்டிக்கை அது பெரிதாகத் தொடவில்லை. நாற்றுப் பைக்குப் பதிலாக நார்த் தொட்டி வந்தால், தொட்டியோடு நடலாம், வேர் அசையாது. அது வயலுக்குள் புதைவதால் ஆற்றுக்கும் ஓடாது. ரப்பர்ப் பாலில் ஒட்டிய தென்னைநார்த் தொட்டி ஏற்கெனவே கேரளத்தில் செய்யப்படுகிறது. இதில் பிளாஸ்டிக்கே கிடையாது. அதுவே போதுமான இடத்தில் மக்கும் பிளாஸ்டிக்கும் எதற்கு?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு பொருளுக்கும் கேட்க வேண்டும். பழவேற்காட்டிலேயே பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். அந்தக் கைவேலை நார் கலந்த எந்தத் தட்டுக்கும் குறைந்ததல்ல. பனை நம் மாநில மரம். 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். மரத்தைக் காப்பதோடு நின்றுவிடாமல், அரசு அலுவலக விழாக்களிலும் கோயில் பிரசாதத்திலும் ஓலைப் பெட்டியை வாங்க ஏற்பாடு செய்தால், புதிய ஆலை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓலையோ கயிறோ துணியோ செய்ய முடியாத வேலைக்கு மட்டும் நார் கலந்த மக்கும் பிளாஸ்டிக் வரட்டும்.

அரசுக்கும் எங்களைப் போன்ற விஞ்ஞானிகளுக்கும் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, நிலப்போர்வைத் தாளை விரிக்க மானியம் கொடுப்பதுபோல், அதைத் திரும்ப எடுத்து ஒப்படைக்கவும் ஊக்கத்தொகை கொடுக்க வேண்டும். ஒன்றியத்துக்கு ஒரு சேகரிப்பு இடமாவது வேண்டும். இன்று ஒழுங்காகச் சுருட்டி எடுத்த விவசாயிக்கும் அதைக் கொண்டுபோய்ப் போட இடமில்லை. இரண்டு, 'மக்கும்' என்று எந்தப் பொருளையும் இப்பகுதியில் சிபாரிசு செய்யுமுன், உரக்குழியில் மட்டுமன்றி நம் வயல் மண்ணிலும், பழவேற்காட்டு உவர்நீரிலும் போட்டுப் பார்க்க வேண்டும். தாளைச் சிபாரிசு செய்த நாளில், அது கிழிந்த பிறகு எங்கே போகும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. நாரின் பெயரால் அதே தவறை மறுபடி செய்யக்கூடாது.

உழவர் பெருமக்கள் இப்பருவத்திலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், வரப்பிலும் ஓடைக்கரையிலும் கிடக்கும் பழைய தாள், உரச்சாக்கு, நாற்றுப் பை இவற்றைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி மேட்டில் வைத்துவிடுங்கள். வீட்டில் உள்ளவர்கள் ஒரு நாள் காலை வேலையாகச் செய்துவிடலாம். ஆற்றில் தண்ணீர் வந்த மறுநாள் பசியாவரத்து வலையில் மீன் முன்னால் வரட்டும்.